மஞ்சள் பேடு என்றால் எந்த மஞ்சள்?

இந்த இதழில் அரசியல், சினிமா, ஆன்மிகம் எதுவும் கிடையாது. முன்பு ஒரு முறை பெசன்ட் நகர் வாசகர் ஒருவருக்கு, ‘பாலிஷ் போடுவதற்கு முன் துடைக்கிற துணியை மாற்றுங்கள்’ என்று ஒரே ஒரு வரி பதில் எழுதினேன். அன்றிலிருந்து தபால் பையில் விழுவதெல்லாம் கார்க் கடிதம். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் எல்லோரையும் காரை வைத்தே அழைக்கிறேன். கார் கோபித்துக்கொள்ளாது.

*கறுப்பு கிரெட்டா, பெசன்ட் நகர்*

கே: வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல். எந்த பேடு போட்டால் போகும்?

ப: பாலிஷ் மெஷினில் மாட்டும் பேடு அப்புறம். முதலில் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, உங்கள் கார் துடைக்கப்படும் அழகைப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன், பன்னிரண்டு கார். உங்களுடையது பதினோராவது என்றால், முந்தைய பத்துக் காரின் மண்ணும் அந்தப் பனியனில் குடியிருக்கிறது. கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் எல்லோரும் உப்புக் காற்றைத்தான் திட்டுகிறோம். தகரத்துக்கு உப்பு எதிரிதான்; கீறலுக்கு அது காரணம் இல்லை. உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு இரண்டரைதான். எலியட்ஸ் பீச்சிலிருந்து பறந்து வரும் மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு ஏழு. அது கரையவும் கரையாது. அதை வைத்துத் தினமும் உங்கள் காரைத் தேய்க்கச் சொல்லி நீங்களே மாதச் சம்பளமும் கொடுக்கிறீர்கள்.

துடைப்பவர் மேல் பாயாதீர்கள். கொடுக்கிற சில நூறு ரூபாய்க்கு அவர் தலைக்கு ஒரு வாளி கொண்டுவர முடியாது. நீங்களே இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, அதன் பிறகு துணி படட்டும். காய்ந்த காரில் காய்ந்த துணி படவே கூடாது. தினமும் துடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதை அபார்ட்மென்ட் சங்கத்தில் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள்.

இன்னொன்று. அந்தக் கீறல்கள் வட்டமே இல்லை. எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றிக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடுகின்றன, அதனால் வலை போலத் தெரிகிறது. தலையை நகர்த்துங்கள், வலையும் கூடவே நகரும். ஆகவே ‘நீ வட்டமாகத் துடைத்ததால்தான் வந்தது’ என்று யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம்.

துடைக்கிற முறையை மாற்றிய பிறகு ஒரு மிருதுவான ஃபோம் பாலிஷிங் பேடு, ஃபைன் பாலிஷ், டூயல் ஆக்‌ஷன் மெஷின். ஆறு மாதக் கீறலுக்கு இது போதும் (மெஷின் ரகம் பற்றி ஹோண்டா சிட்டிக்கான பதிலில்). யாராவது கம்பளியாலான வுல் பேடை எடுத்துக்கொண்டு வந்தால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

*வெள்ளை ஸ்விஃப்ட், இந்திரா நகர்*

கே: யூடியூபில் ஒருவர் மஞ்சள் பேடு போட்டார், முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. நானும் மஞ்சள் வாங்கிப் போட்டேன், கார் மங்கிவிட்டது. ஏமாற்றுகிறார்களா?

ப: அவர் ஏமாற்றவில்லை. எந்தக் கம்பெனி மஞ்சள் என்பதைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். அமெரிக்காவின் லேக் கன்ட்ரியில் மஞ்சள் ஃபோம் என்றால் கரடான கட்டிங் ரகம். மெக்வயர்ஸின் பழைய ஃபோம் வரிசையில் அதே மஞ்சள் நடுத்தரப் பாலிஷிங். இத்தாலியின் ரூபெஸில் மஞ்சள் ஃபைன் ரகம். ஒரே நிறம், மூன்று வேலை. நீலம் இன்னும் மோசம்: ரூபெஸ் ஃபோமில் இருப்பதிலேயே கரடு நீலம்தான், த்ரீஎம்மில் இருப்பதிலேயே மிருது நீலம்தான். இதில் பெயர் தெரியாத கம்பெனியின் ஐந்து நிற செட் என்றால், நிறம் என்பது வெறும் சாயம். ஐந்தும் ஒரே ஃபோமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

29சி என்றால் நமக்குப் பெரம்பூர் – பெசன்ட் நகர். வேறு ஊரில் 29சி என்று ஒரு பஸ் வந்தால் ஏறி உட்கார்ந்துகொண்டு, அஷ்டலட்சுமி கோயிலில் இறக்கிவிடச் சொல்வீர்களா? பேடின் நிறமும் அந்தந்தக் கம்பெனியின் எல்லைக்குள் மட்டும் செல்லும்.

உங்கள் கார் கெட்டுப்போகவில்லை. கரடு பேடு பெரிய கீறலை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தனியாகத் தெரியாத ஆயிரம் சிறு கீறலைப் போட்டிருக்கிறது. அந்தக் கூட்டம்தான் மங்கல். மிருதுவான ஃபினிஷிங் பேடும் ஃபைன் பாலிஷும் வைத்து இன்னொரு முறை மெதுவாக ஓட்டினால் தெளிந்துவிடும். அந்த யூடியூப்காரரும் இதைச் செய்திருப்பார். வீடியோ நீளமாகிறது என்று வெட்டியிருப்பார்.

*நீல பலேனோ, அடையாறு*

கே: கட்டிங் இல்லாமல் ஃபினிஷிங் வருமா?

ப: டாஸ்மாக் வாசலில் கேட்க வேண்டிய கேள்வி. காரில் வரும். கீறல் லேசு என்றால் நேராக ஃபினிஷிங் பேடில் தொடங்கலாம். கட்டிங் என்பது கட்டாயச் சடங்கு இல்லை.

*கடைக்காரர், ஜி.பி. ரோடு*

கே: உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இப்போது பேடுகளை ஆன்லைனிலும் விற்கிறேன். ‘பிரீமியம் குவாலிட்டி, மிரர் ஃபினிஷ், எல்லா காருக்கும் ஏற்றது’ என்று எழுதுகிறேன். பாதி திரும்பி வருகிறது. வேறு எப்படி எழுதுவது?

ப: இந்த மூன்று சொற்றொடரையும் செருப்புக்கும் போடலாம், மாப்புக் குச்சிக்கும் போடலாம். பேடை வாங்குபவருக்கு வேண்டியது வேறு.

முதலில் அளவு. இதில்தான் பாதிப் பொருள் திரும்பி வரும். முகம் ஐந்தரை அங்குலம் என்று மட்டும் எழுதினால் போதாது. மெஷினில் பேடை ஒட்டும் பேக்கிங் பிளேட் எத்தனை அங்குலம் இருந்தால் பொருந்தும் என்று எழுத வேண்டும். ஐந்தங்குல பிளேட்டில் ஐந்தங்குல பேடை ஒட்டினால் ஓரம் கொஞ்சம் விலகியதும் பிளேட்டின் பிளாஸ்டிக் விளிம்பு பெயிண்டில் கோடு போடும். பேடு எப்போதும் பிளேட்டைவிட அரை அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். ஆறங்குல பிளேட் வைத்திருப்பவர் உங்கள் பேடை வாங்கிவிட்டுத் திட்டுவது உங்களைத்தான்.

அடுத்தது தடிமன். மொத்தமான பேடு வளைவுகளில் நன்றாக அமுங்கும். ஆனால் டூயல் ஆக்‌ஷன் மெஷினின் அசைவில் பாதியை அதுவே விழுங்கிவிடும். மெல்லிய பேடு அசைவை அப்படியே பெயிண்டுக்குக் கொண்டுபோகும். இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். எது என்று சொல்லிவிட்டால் ஆள் தானே வருவார்.

பிறகு பொருள். செம்மறிக் கம்பளியா, செயற்கை நூலா, மைக்ரோஃபைபரா, ஃபோமா? ஃபோம் என்றால் பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த அதே குடும்பம், உங்கள் வீட்டு சோபாவிலும் அதுதான். சோபா ஃபோமை வெட்டி வெல்க்ரோ ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், துளை திறந்ததா மூடியதா, அங்குலத்துக்கு எத்தனை துளை, அமுக்கினால் எவ்வளவு விறைப்பு என்று எழுதுவது உங்களை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துக்காட்டும். திறந்த துளை காற்றை விடும், பாலிஷை உள்ளே இழுக்கும். மூடிய துளை பாலிஷை மேலேயே வைத்திருக்கும். நடுவில் ஓட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள்: சூடு வெளியேறவும், பேடை பிளேட்டின் மையத்தில் ஒட்டவும் அது உதவுகிறது.

கடைசியில், எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று. இந்த பேடு எதை எடுக்கும், போனபின் எதை விட்டுவைக்கும்? ‘ரெண்டாயிரம் நம்பர் உப்புத்தாள் கோட்டை எடுக்கும், மங்கல் விடும், இதற்குப் பின் ஃபினிஷிங் பேடு அவசியம்’ என்று ஒரு வுல் பேடில் எழுதுங்கள். ‘வேக்ஸ் பூச மட்டும். கீறல் எடுக்காது’ என்று மிருதுவான பேடில் எழுதுங்கள். ‘எடுக்காது’ என்று ஒரு கடைக்காரர் எழுதினால் வாங்குபவர் இரண்டு முறை படிப்பார். நிறத்தை மட்டும் கடைசி வரியில் போடுங்கள், அதுவும் போட்டோவில் தெரிகிறது என்பதற்காக.

*சிவப்பு ஆல்ட்டோ, திருவான்மியூர்*

கே: ட்ரில் மெஷினில் மாட்டுகிற வுல் பேடு செட் மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் ட்ரில் சும்மாதான் இருக்கிறது.

ப: சும்மாவே இருக்கட்டும். ட்ரில் சுவரில் நேராகக் குத்துவதற்குச் செய்தது. அதைப் படுக்கையாகப் பிடித்து ஒரு பானெட் முழுக்க ஓட்டினால் கை சாயும், பேடின் ஓரம் மட்டும் பெயிண்டைக் கடிக்கும். விரல் அழுத்தத்துக்கு ஏற்றபடி வேகம் ஏறி இறங்கும். ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பானெட்டில் அலை அலையாக நிழல் ஓடும். தொழிலில் இதற்கு ‘ஹாலோகிராம்’ என்று பெயர். பேர் நன்றாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். கையால் ஃபோம் அப்ளிகேட்டரில் தேய்த்தால் கீறல் முழுதும் போகாது, ஆனால் புதிதாக எதுவும் வராது.

*சாம்பல் ஹோண்டா சிட்டி, மந்தைவெளி*

கே: ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷனா? பட்டறையில் ஒன்று சொல்கிறார்கள், கடையில் ஒன்று.

ப: இருவரும் தங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறார்கள். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வெட்டும் வேகம் அதிகம், சூடும் ஒரே இடத்தில் சேரும். அதில் வுல் பேடு போட்டால் பிரமாதமாக வெட்டும். நாரிழைகளுக்கு நடுவே காற்று ஓடுவதால் ஃபோமைவிடச் சூடு குறைவு என்பது கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். இருபது வருஷம் ரப்பிங் போட்ட பெயிண்டர் கையில் ரோட்டரி ஒரு வரம். நம் கையில் அது காப்பீட்டு முகவரின் தொலைபேசி எண்.

டூயல் ஆக்‌ஷனில் பேடு தானும் சுற்றி, மையத்தை விட்டு விலகியும் ஆடும். அந்த ஆட்டம் சில மெஷினில் எட்டு மில்லிமீட்டர், ரூபெஸ் பிக்ஃபுட்டில் 15-ம் 21-ம். பலமாக அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் பயமில்லை, அதனால்தான் மெதுவும்கூட. பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது தெரிந்தால் வேலை நடக்கிறது. கோடு நின்ற இடத்தில் நடுங்கினால் உங்கள் கைக்கு மட்டும் மசாஜ் நடக்கிறது. மைக்ரோஃபைபர் பேடு போட்டால் டூயல் ஆக்‌ஷனும் நன்றாகவே வெட்டும்.

எந்த மெஷினானாலும் கதவு விளிம்பு, பானெட் மடிப்பு, பம்பர் மூன்றிலும் பயம் வேண்டும். விளிம்பில் பெயிண்ட் மெலிந்திருக்கும். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாமல் அங்கேயே தேக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த டேப்பே கார்ப் பட்டறைக்காகப் பிறந்ததுதான்: இரட்டை நிறக் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் படும் பாட்டைப் பார்த்து 1925-ல் த்ரீஎம்மின் ரிச்சர்ட் ட்ரூ கண்டுபிடித்தார்.

*ஆரஞ்சு டியாகோ, ராயப்பேட்டை*

கே: பாலிஷ் போட்டால் மைலேஜ் கூடுமா?

ப: கூடாது. மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும் நேரம் கூடும்.

*பழைய பத்மினி, மயிலாப்பூர்*

கே: அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி, சிவப்பு நிறம். பாலிஷ் போட ஆரம்பித்ததும் பேடு முழுக்கச் சிவப்பு. பயந்து நிறுத்திவிட்டேன்.

ப: நிறுத்தியது நல்லது, பயந்தது வீண். இன்றைய காரில் நிறத்துக்கு மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட் தனியாக இருக்கிறது. பேடில் நிறம் வந்தால் அது தீர்ந்துவிட்டது என்று பொருள், அலற வேண்டியதுதான். உங்கள் பத்மினி ஒற்றை அடுக்கு. நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்டில். வெயிலில் செத்துப்போன மேல்தோல் பேடில் வருகிறது, அடியில் அசல் சிவப்பு காத்திருக்கிறது.

ஆனால் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அப்பா காலத்தில் எத்தனை முறை ரப்பிங் நடந்ததோ! ஆகவே வுல் பேடும் வெட்டியெடுக்கும் காம்பவுண்டும் கிட்டவே வரக் கூடாது. மிருதுவான ஃபோம், எண்ணெய்ப் பசையுள்ள லேசான பாலிஷ், மெது வேகம். பேடு சீக்கிரம் நிறத்தால் அடைத்துக்கொள்ளும், எனவே கையில் ஐந்தாறு வைத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருங்கள். நிறம் வந்துகொண்டேதான் இருக்கும். பேடைப் பார்த்து நிறுத்தாதீர்கள், பானெட்டைப் பார்த்து நிறுத்துங்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் பழங்கார் அணிவகுப்புக்கு ஒரு முறை போய் அங்கே உரிமையாளர்களிடம் பேச்சுக் கொடுங்கள். பேடு பற்றிக் கேட்டால் மதியச் சாப்பாடு தாண்டியும் விடமாட்டார்கள்.

*கருநீல ஐ20, நுங்கம்பாக்கம்*

கே: இந்த காம்பவுண்டில் அப்படி என்னதான் இருக்கிறது? பேடு வெட்டுகிறதா, காம்பவுண்டு வெட்டுகிறதா?

ப: வெட்டுவது பெரும்பாலும் காம்பவுண்டில் உள்ள அலுமினியம் ஆக்ஸைடுத் துகள். பேடு அதை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது, எவ்வளவு ஆழம் போக விடுகிறது என்பதுதான் மீதி. அதனால் ஒரே காம்பவுண்டு வுல் பேடில் புலி, மிருதுவான ஃபோமில் பூனை. வாங்கும்போது பேடையும் பாலிஷையும் ஜோடியாக யோசியுங்கள்.

அலுமினியம் ஆக்ஸைடு இயற்கையில் குருந்தக் கல். மோஸ் அளவில் ஒன்பது. அதற்கு மேல் வைரம். இங்கே ஒரு கிளைக்கதை. 1902-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிலர் குருந்தம் தோண்டக் கம்பெனி ஆரம்பித்தார்கள். தோண்டியது குருந்தமே இல்லை, அனார்த்தொசைட் என்ற உதவாத பாறை. வேறு வழியில்லாமல் உப்புத்தாள் செய்யப் போனார்கள். அந்தக் கம்பெனிதான் த்ரீஎம். அதே அனார்த்தொசைட் நம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. நிலா மண்ணை ஒத்திருக்கிறது என்று இஸ்ரோ அதை அரைத்து சந்திரயான் லேண்டர் சோதனைக்குப் பரப்பியது. ஒருவருக்கு உதவாத கல் இன்னொருவருக்கு நிலா.

தேய்க்கும் தொழில் நம்மூருக்குப் புதிதும் அல்ல. முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-ல் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலை வட சென்னைக்காரர்களுக்குத் தெரியும். பெயிண்டர் கையில் இருக்கும் உப்புத்தாளைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் நம்மூர்ப் பெயர் இருக்கலாம்.

*வெள்ளி வேகன்ஆர், கோட்டூர்புரம்*

கே: டூத்பேஸ்ட் தேய்த்தால் கீறல் போகும் என்கிறார்களே?

ப: அதிலும் அரைக்கும் தூள் இருக்கிறது, சின்னக் கீறல் மங்கும். எவ்வளவு கரடு என்று டியூபில் எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் யோசித்தது உங்கள் பல்லை. பெப்பர்மின்ட் வாசனையில் பானெட் வேண்டும் என்றால் தாராளமாக.

*மெரூன் இன்னோவா, தி. நகர்*

கே: செராமிக் கோட்டிங்குக்கு முன்னால் ‘த்ரீ ஸ்டெப் கரெக்‌ஷன்’ செய்தோம் என்று ஒரு கடையில் பெரிய பில் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பழைய கீறல் எல்லாம் எட்டிப் பார்க்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: கீறலை எடுப்பது ஒரு வேலை, கீறலுக்குள் எண்ணெயையும் ஃபில்லரையும் அடைத்து மறைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுக்கு மூன்று ஸ்டெப் தேவையில்லை, அரை மணி நேரம் போதும். அடுத்த முறை கோட்டிங் போடுவதற்கு முன் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரில் ஒரு சதுரத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் கரைந்து, கீறல் எழுந்து உட்காரும். அதைக் கடையின் வெள்ளை டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், கைவிளக்கில் பாருங்கள்.

இரண்டாவது, பெயிண்டின் தடிமனை அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் மொத்தமும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் சுமார் 40, 50. ஒரு தலைமுடியின் கனம்கூடப் பல சமயம் அதைவிட அதிகம். கரடு பேடு ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரானை எடுத்துக்கொண்டு போகிறது, போனது திரும்பாது. நிஜமான த்ரீ ஸ்டெப்பை வருஷாவருஷம் செய்தால் சில வருஷத்தில் கிளியர் கோட்டுக்கு இரங்கல் கூட்டம். அந்த வகையில் உங்களை ஏமாற்றிய கடை உங்கள் பெயிண்டுக்கு நல்லதே செய்திருக்கிறது, பர்ஸுக்குத்தான் செய்யவில்லை.

மூன்றாவது, சோதனைச் சதுரம். நல்ல ஆள் கார் முழுக்கப் பாயமாட்டார். பானெட்டில் இரண்டடிக்கு டேப் ஒட்டி, தன்னிடம் உள்ளதிலேயே மிருதுவான பேடில் தொடங்குவார். போதவில்லை என்றால்தான் அடுத்த படி. பெயிண்ட் கடினமா மிருதுவா என்று அந்தச் சதுரம் சொல்லும், கார்க் கம்பெனியின் பெயர் சொல்லாது. மறுபடி பெயிண்ட் அடித்த பேனல் இருந்தால் அங்கே தனியாக ஒரு சதுரம்.

*வெள்ளை டிசையர், பெசன்ட் நகர்*

கே: போர் தண்ணீரில் கழுவுகிறோம். காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி. பேடு போட்டுத் தேய்த்தேன், போகவில்லை.

ப: அது சுண்ணாம்பு. அதைப் பேடால் தேய்ப்பது கல்லை பெயிண்டில் உருட்டுவது. வினிகரில் பாதித் தண்ணீர் கலந்து, நிழலில், சூடில்லாத பேனலில் துணியை நனைத்து ஒரு நிமிஷம் வையுங்கள். பிறகு நிறையத் தண்ணீர். புள்ளி கரைந்தும் தடம் மட்டும் பள்ளமாக நின்றால் அப்போது பாலிஷிங் பேடு. கழுவியதும் காயவிடாமல் துடைத்துவிட்டால் இந்தக் கதையே இல்லை. காக்காய் எச்சத்துக்கும் இதே அவசரம் வேண்டும்: ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள். வெயிலில் ஒரு பகல் விட்டால் கிளியர் கோட்டில் அதன் வரைபடம் தங்கிவிடும்.

2019 கோடையில் பூண்டியும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தபோது கார் கழுவுவதே குற்ற உணர்ச்சியாக இருந்தது. அந்த மாதிரி நாளுக்கு, ஒரு வாளியில் கலந்து துடைக்கும் ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் இருக்கிறது. துணியை எட்டாக மடித்து, ஒவ்வொரு பேனலுக்கும் புது முகம் காட்டுங்கள். அழுக்கான முகத்தை வாளிக்குள் திரும்ப விடாதீர்கள்.

*பழுப்பு எர்டிகா, வேளச்சேரி*

கே: மழைக்கு பயந்து மேம்பாலத்தில் காரை நிறுத்தினேன். வெள்ளம் வரவில்லை, ஆனால் சேறு தெறித்திருக்கிறது. உடனே பாலிஷ் போடலாமா?

ப: 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டி நின்ற கார்களைப் பார்த்து ஊரே சிரித்தது, 2015 வெள்ளத்தை நேரில் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. காரை நிறுத்தியது சரி. பாலிஷ் அவசரம் வேண்டாம். காய்ந்த சேறு என்பது நைஸான உப்புத்தாள். குழாயில் அடித்து, பிறகு ஷாம்பூ நுரையில் ஊறவைத்து, மறுபடி அடித்து, வழுக்கினால் மட்டும் கை வையுங்கள். சக்கர வளைவுக்குள்ளும் கதவின் கீழ்மடிப்பிலும் ஒளிந்திருக்கும் மண்ணை எடுக்காமல் மெஷினை ஓட்டினால், பேடு அதை வெளியே இழுத்துக் கார் முழுக்கப் பரிமாறும்.

*பச்சை நெக்ஸான், ஆழ்வார்பேட்டை*

கே: ஆயுத பூஜைக்குப் பானெட்டில் வைத்த சந்தனம் குங்குமம் தடமாக நிற்கிறது. தெய்வக் குத்தமா?

ப: குத்தம் உங்களுடையது. காய்ந்த சந்தனத்தைக் காய்ந்த துணியால் துடைத்திருப்பீர்கள். குங்குமச் சாயம் வெயிலில் இறங்கியிருக்கும். ஃபினிஷிங் பேடில் லேசாகப் போகலாம். அடுத்த வருஷம் பொட்டை முன்கண்ணாடியின் ஓரத்தில் வையுங்கள். அம்பாளுக்கு இடம் முக்கியமில்லை.

*சில்வர் எலீட், சாஸ்திரி நகர்*

கே: பேடுகளை வாஷிங் மெஷினில் போட மனைவி விடமாட்டேன் என்கிறார். நியாயமா?

ப: சகோதரி பக்கம்தான் நான். வாஷிங் மெஷினுக்காக மட்டும் சொல்லவில்லை, பேடுக்காகவும் சொல்கிறேன். சூடும் முறுக்கலும் சேர்ந்தால் வெல்க்ரோவை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். அடுத்த முறை பாலிஷ் மெஷினை ஓட்டும்போது பேடு மொட்டை மாடியைத் தாண்டிப் பறக்கும்.

ஒரு பேனல் முடிந்ததும் நைலான் பிரஷால் பேடின் முகத்தைச் சீவுங்கள். கம்ப்ரெஸர் இருந்தால் ஒரு ஊது. வேலை முடிந்ததும், காம்பவுண்டு காய்வதற்குள், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு அமுக்கி அமுக்கிப் பிழியுங்கள். முறுக்காதீர்கள். உலர்த்தும்போது ஃபோம் கீழே, வெல்க்ரோ மேலே, நிழலில். தண்ணீர் பசைப்பக்கம் தேங்கக் கூடாது. கத்திரி வெயிலில் மொட்டை மாடி கூடாது. காம்பவுண்டு பட்ட பேடில் ஃபினிஷிங் பாலிஷ் ஊற்றக் கூடாது, எவ்வளவு கழுவினாலும். தரையில் விழுந்த பேடை அப்படியே எடுத்துப் போடவே கூடாது. நம் தெருவின் தரை பாதி பீச்.

ஒரு காருக்கு ஒரு பேடு போதுமா என்று இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். போதாது. நனைந்து, சூடேறி, அடைத்துக்கொண்ட பேடு வெட்டாது, வழவழவென்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ரகத்தில் மூன்று நான்கு வைத்துச் சுழற்சியாக மாற்றுங்கள். அமுக்கி விட்டால் பழைய உயரத்துக்கு எழும்பாத பேடு, ஓரம் கிழிந்த பேடு, வெல்க்ரோ மூலையில் பிரிந்த பேடு மூன்றும் இனி ஷூ துடைக்க.

*மஞ்சள் பீட்டில், போட் கிளப்*

கே: ஹெட்லைட் மஞ்சளித்துவிட்டது. இதற்கு என்ன பேடு?

ப: கார் மஞ்சள், ஹெட்லைட் மஞ்சள், பொருத்தம்தானே! ஹெட்லைட் பாலிகார்பனேட். அதன் மேலிருந்த புற ஊதா பாதுகாப்புப் பூச்சு வெயிலில் உரிந்ததால் வந்த மஞ்சள். ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் என்று உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு, மூன்றங்குல ஃபோம் பேடில் பாலிஷ் போட்டால் தெளியும். அதோடு நிறுத்தினால் சில மாதத்தில் மஞ்சள் திரும்பி வரும். மேலே புதிதாக ஒரு யூவி கிளியர் பூச்சு அடித்தே ஆக வேண்டும். கடையில் ‘ஹெட்லைட் பாலிஷ்’ என்று சொல்லி வாங்கும் காசில் இந்தக் கடைசிப் பூச்சு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள், வாடிக்கையாளர் திரும்ப வருவது அவர்களுக்கு மறப்பதில்லை.

*மேட் கிரே எஸ்யூவி, ஈஞ்சம்பாக்கம்*

கே: மேட் ஃபினிஷ் கார் எடுத்திருக்கிறேன். அதற்கு எந்த பேடு?

ப: எந்த பேடும் இல்லை. பேடு பட்ட இடம் பளபளக்கும், அந்தப் பளபளப்பு போகவே போகாது. மேட்டுக்கென்று உள்ள ஷாம்பூ, நிறையத் தண்ணீர், மிருதுத் துணி. வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் ஓடிப்போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். பழக்கதோஷத்தில் வேக்ஸ் டப்பாவைத் திறந்துவிடுவார்கள்.